நாற்பது நாள் ஆதாரம்

உலக மருத்துவம் இதுநாள்வரை நம்பிவந்த ஓர் உண்மை, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஒரு சின்னக் கிளினிக்கின் மின்விசிறிக்கு அடியில் அதிகாரபூர்வமாக ரத்து செய்யப்பட்டது. இனிமேல் யூரிக் ஆசிட்டுக்கும் பிரஷருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ரத்து செய்தவர் ஒரு லாரி கம்பெனியின் மேனேஜர். ஆதாரமாக ஒரு நோட்டை டாக்டரம்மாவின் மேசையில் தொப்பென்று போட்டுவிட்டு, உட்காராமல் நின்றார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி.

நாற்பது நாளைக்கு முன்னால் இதே அறையில்தான் அவருக்கு யூரிக் ஆசிட் ஒன்பது என்று தெரிந்தது. பிரஷரும் கொஞ்சம் மேலே நின்றது. இரண்டும் பல சமயம் கைகோத்துக்கொண்டு ஏறும், ஈரலையும் பீரையும் விடுங்கள், தினமும் வீட்டில் பிரஷர் பார்த்து எழுதி வாருங்கள், மாத்திரையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார் டாக்டரம்மா. மாடிப்படி ஏறி வந்ததால் அப்படிக் காட்டுகிறது என்றார் மேனேஜர்.

அவருடைய அப்பா பிரஷரில் சாய்ந்தது ஐம்பத்திரண்டாவது வயதில். மேனேஜருக்கு இப்போது ஐம்பத்தொன்று. இந்தக் கழித்தலை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பிரஷர் பார்க்கும் மிஷின் அன்றே வீட்டுக்கு வந்தது. அதோடு வந்த தாளில், ஐந்து நிமிடம் அசையாமல், பேசாமல் உட்கார வேண்டும் என்று போட்டிருந்தது. டிரைவர்கள் மேனேஜருக்கு வைத்திருந்த பெயர் ‘ஆக்சிலேட்டர்’.

காலையில் மனைவி அவர் கையில் பட்டையைச் சுற்றுவாள். அது புஸ்ஸென்று ஊதத் தொடங்கும்போது எங்கோ ஒரு லாரி பஞ்சராகும். போன் அடித்ததும் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். வாசலுக்கும் சமையலறைக்கும் பத்து நடை நடந்து, இரண்டு டிரைவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, “எவ்வளவு?” என்று வந்து நிற்பார்.

முதல் நாள் பதில் தயாராக இல்லை. வீடு ரெண்டுபட்டது. மறுநாளிலிருந்து தயாராக இருந்தது. சட்டைக் கையை இறக்கிவிட்டபடி மனைவி எண்ணைச் சொல்வாள், நோட்டில் எழுதுவாள்.

நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. நூற்றிருபது, எழுபத்தெட்டு. பத்தாம் நாள் ஈரல் திரும்பி வந்தது; பதினைந்தாம் நாள் பீர். எண் அசையவில்லை. கால் பெருவிரல் வீங்கியபோது, ஷூ சின்னதாகிவிட்டதென்று செருப்புக்கு மாறினார்.

“பாத்துக்குங்க டாக்டர். ஆசிட் ஒம்பது, பிரஷர் கல்லு மாதிரி நிக்குது. உங்க புஸ்தகத்தை மாத்தி எழுதச் சொல்லுங்க.”

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். “எனக்கே இப்படி இருக்கிறதில்ல” என்றவர், மேனேஜரின் போனை வாங்கி, அணைத்து, டிராயருக்குள் போட்டார். “உக்காருங்க சார். அஞ்சு நிமிஷம் வாயே திறக்கக்கூடாது.”

மேனேஜர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடம் வந்ததில்லை. விரல் மேசையில் தாளம் போட்டது. கால் தானாக ஆடியது. மனைவி அவர் முழங்காலில் கைவைத்து நிறுத்தினாள். பட்டை இறுகித் தளர்ந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை.

நூற்று எழுபத்தெட்டு, நூற்று நாலு.

அப்பாவின் ஐம்பத்திரண்டு அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

“உங்க மிஷின் ரிப்பேர், டாக்டர்” என்று எழுந்தவர் மனைவி பக்கம் திரும்பினார். “நீதானே தினமும் எழுதினே? சொல்லு, நோட்டுல இருக்கிறது பொய்யா?”

“பொய் இல்லீங்க” என்றாள் மனைவி. “அது என் பிரஷர்.”