இறங்கிய குரல்

"பாப்பாவை இறக்காதீங்க மேடம். திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுங்க."

ஜீப் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள் முனிலட்சுமி.

ஜெசிக்குச் சுர்ரென்றது. குழந்தைகள் நலக் குழுவின் ஆலோசகர் அவள். பெற்ற பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்புகிறவளை இப்போதுதான் பார்க்கிறாள்.

"பெத்தவதானே நீ? கிருஷ்ணகிரி ஹோம்ல புள்ளை தினம் கேட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அவரே திருந்திட்டாரு. உனக்கு என்ன வந்துச்சு?"

அவர் என்றது முனிலட்சுமியின் புருஷன் விஜயகுமாரை. சூளகிரியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். போன வருஷம் மகளின் கையை முறித்தவன். அதனால்தான் குழந்தையை ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். அவனை ஜெசியின் வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

குடித்துவிட்டு அடிக்கிறவன், சந்தேகப்பட்டு அடிக்கிறவன், இவனைப்போல ஒன்றுமில்லாமலே அடிக்கிறவன், எல்லாருக்கும் ஒரே பாடம். கோபம் வந்தால் குரலை இறக்கு.

வகுப்பில் இவன்தான் முதல்.

லைன் வீடு. பட்டப்பகல். வரிசை முழுக்க டிவி, மிக்சி, பிள்ளைகள் சண்டை. இந்த வீட்டில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"தங்கமா மாறிட்டாருங்க மேடம். முந்தியெல்லாம் ஒரே கூப்பாடு. இப்ப உள்ள ஆளு இருக்காங்களான்னே தெரியலீங்க."

விஜயகுமார் வெளியே வந்தான். தண்ணீர்ச் செம்பை ஜெசியிடம் நீட்டினான்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். தனியாவே கெடந்து அவளுக்கு மனசு சரியில்ல."

பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"லட்சுமி."

அவ்வளவுதான். தூங்குகிற பிள்ளைக்குக்கூட விழிப்பு வராத குரல்.

முனிலட்சுமியின் கை கதவிலிருந்து தானாகக் கழன்றது. ஜீப்புக்குள் இருந்த குழந்தை அழவில்லை. அப்படியே சரிந்து சீட்டுக்கு அடியில் போய்விட்டது.

ஜெசி பார்த்தாள். செம்பு வாய்க்குப் போகவில்லை.

"இறங்கு கண்ணு," என்றான், இன்னும் மெதுவாக.

முனிலட்சுமி சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள்?

சிரித்தபடியே தெலுங்கில் ஆரம்பித்தாள் முனிலட்சுமி. இந்தப் பக்கம் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு வீட்டுப் பேச்சு அது. ஜெசிக்கும் வரும். தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்த விஜயகுமாருக்குத்தான் கடைசி வரை ஏறவில்லை.

"நீங்களும் சிரிங்கக்கா. அவரைப் பாக்காதீங்க. வண்டியில எனக்கும் இடம் இருக்குமா?"

"என்ன மேடம் சொல்றா?" விஜயகுமார் கேட்டான். அதே குரல்.

"பாப்பா ஒழுங்கா சாப்பிடுறாளான்னு கேக்குறாங்க," என்றாள் ஜெசி. சிரிப்பு சரியாக வரவில்லை.

கை ஜீப் கதவைத் திறந்துவிட்டது. வாய் மட்டும் தெலுங்கில் கேட்டது.

"ஏறும்மா. ஆனா, இவரு இப்ப கத்துறதே இல்லைன்னு சொன்னாங்களே?"

"கத்துன காலத்துல அக்கம்பக்கம் ஓடி வந்து கதவைத் தட்டுவாங்கக்கா. நீங்க குரலை இறக்கச் சொல்லிக் குடுத்தீங்க. இப்ப யாரும் வர்றதில்ல."