அலமாரிக்கடியில் ஒரு சதுரம்

பிரிக்பீல்ட்ஸ் மாணவர் விடுதியில் மதிய வெயில். வார்டன் சவரிமுத்துவின் அறையில், அலமாரிக்கடியில் கிடந்த பச்சை லினோலிய விரிப்பிலிருந்து திருட்டுத்தனமாக வெட்டியெடுத்த சதுரம் அது. பக்கத்து அறையில் இக்னேஷியஸ் அதில் வார்டன் முகத்தையே செதுக்கி, மை தடவி, மேலே தாளைப் போட்டுக் கரண்டியால் தேய்க்கிறான். தாளை உரிக்கும்போது வார்டன் வாசலில் நிற்கிறார். மீசை அச்சு அசலாக விழுந்திருக்கிறது. அவர் மீசையைப் பார்க்கவில்லை. விரலில் எச்சில் தொட்டு, மேசையிலிருந்து ஒரு பச்சைத் துருவலை ஒற்றியெடுத்து வெளிச்சத்தில் திருப்புகிறார். "இது எங்க வாங்குனது?" "பாசார்ல சார்." "எந்தக் கடை?" "இப்ப மூடிட்டாங்க சார்." துருவலைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு போகிறார். "மாட்டுனா இன்னைக்கே பெட்டி படுக்கையோட வெளியடா," என்கிறான் அறைத்தோழன் தம்புசாமி. அடுத்து வார்டன் அறையில் அலமாரி கிறீச்சிடுகிறது, நிற்கிறது, மறுபடி கிறீச்சிடுகிறது. "உள்ள பூரா பைபிளு, கனம் லா," என்றபடி இக்னேஷியஸ் மை தடவுகிறான். "இன்னும் ரெண்டு காப்பி எடுத்துடலாம்."