ஒரு வருடப் படிப்பு

இறைச்சிக்கடைக்காரர் மதியம் சாப்பிட வந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக் கல்லூரியின் கடிதமும் வந்தது. மேலே இருந்த பெயரைக்கூடப் பார்க்காமல் உறையைக் கிழித்துப் பிரித்தார். 'ஒரு வருடப் படிப்புக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள்' என்ற வரி கண்ணில் பட்டதும் பெல்ட்டை உருவினார்.

"யாரைக் கேட்டுடி மனு போட்டே?"

பள்ளிக்கூடம் முடித்து இரண்டு மாதமேயான மகள் பின்வாங்கவில்லை. "நான்தான்பா. யாரையும் கேக்கலை."

முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது உதட்டைக் கிழித்தது. சமையலறையிலிருந்து ஓடிவந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரும்மா," என்று மகள் அதட்டினாள். அதற்கும் சேர்த்து இரண்டு விழுந்தன.

"ஒரு வருஷம் ஊர் மேயப் போறியா? காலை ஒடிச்சு மூலையில உட்கார வச்சிடுவேன்."

கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து அவள் முகத்தில் எறிந்தார். கையைக் கழுவிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

அம்மா ஈரத்துணியால் மகளின் உதட்டை ஒற்றினாள்.

"எதுக்குடி பழியை உன் தலையில போட்டுக்கிட்டே?"

"அது உன் பேருன்னு தெரிஞ்சிருந்தா உன்னைக் கொன்னே போட்டிருப்பாரு. என் புத்தகத்தை வச்சே படிச்சு, என்கூடவே பரீட்சை எழுதி, என்னைவிட அதிகமா மார்க் வாங்கினவ நீ. கடிதம் மெயில்லயும் வந்திருக்கு. பெட்டியை எடு, ரெண்டு பேரும் பெரியம்மா வீட்டுக்குப் போயிடலாம். நீ அங்கேருந்தே விமானம் ஏறு."

அம்மா அவர் சாப்பிட்ட தட்டைப் பார்த்தாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக அதைக் கழுவாமல் எழுந்தாள்.