விரிந்த கை

"புரிஞ்சுதா?" என்று லைப்ரரி மேடம் கேட்டார்.

"புரிஞ்சுது மேடம்," என்று வகுப்பு மொத்தமும் ராகம் போட்டது.

கடைசி வரிசையில் ஒரு செருமல் கேட்டது. துறைத்தலைவர்தான்.

"இதைத்தான் காலையில சொன்னேன். 'புரிஞ்சுது'ங்கறது இவங்களுக்கு மூச்சு விடற மாதிரி. தானா வந்துடும்."

காலையில் துறைத்தலைவர் அதோடு நிறுத்தியிருக்கவில்லை. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நூலகத்தில் தேடச் சொல்லித்தர வருஷத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். அதில் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொள்கிறார்களா என்று இன்று தானே உட்கார்ந்து பார்க்கப் போவதாகவும், இல்லையென்றால் அடுத்த வருஷம் அந்த நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகவும் சொல்லியிருந்தார்.

மற்ற நாளெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து "சத்தம் போடாதீங்க" என்பதுதான் மேடத்தின் வேலை. பாடம் நடத்த வாய்ப்பது இந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் போனால் மனசு விட்டுப்போகும்.

"இன்னும் முடியலை சார்," என்றார் மேடம். "எல்லாரும் கண்ணை மூடுங்க. புரிஞ்சவங்க கையை மூடித் தூக்குங்க. புரியாதவங்க விரிச்சுத் தூக்குங்க. யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. சார், நீங்களும்தான்."

அவர் சிரித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

கைகள் உயர்ந்தன. அதில் பாதி விரிந்திருந்தது.

பார்த்தது மேடம் ஒருவர்தான். "எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. பொய்யென்று சொல்ல ஒரு ஈ காக்கை கிடையாது.

"கண்ணைத் திறங்க," என்றார். "பாதிப் பேருக்குப் புரியலை. என் மேலதான் தப்பு, வேகமா ஓடிட்டேன். திரும்பச் சொல்றேன்."

துறைத்தலைவரின் சிரிப்பு நின்றது. கட்டிய கையைப் பிரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு சொல்லை அடித்தால் கணினியில் கட்டுரைகள் மழையாகக் கொட்டும். அதில் நமக்கு வேண்டிய நாலைந்தை வடிகட்டி எடுப்பதுதான் பாடம். மேடம் இந்த முறை நிதானமாகப் போனார். முடித்ததும் மறுபடி கண்ணை மூடச் சொன்னார்.

ஒரே ஒரு கையைத் தவிர எல்லாம் மூடியிருந்தன. அந்த ஒன்று கடைசி வரிசையில் இருந்தது.

"ஒருத்தருக்கு மட்டும் இன்னும் புரியலை," என்றார் மேடம், கண்களைத் திறக்கச் சொல்லிவிட்டு.

மணி அடிக்கும் நேரம். ஒருத்தருக்காக எல்லாரும் உட்கார வேண்டுமா, யார் அந்த அறிவாளி என்று முணுமுணுப்பு கிளம்பியது. தலைகளெல்லாம் பின்பக்கம் திரும்பின. அங்கே இருந்தவள் வாயாடி. வகுப்பு வைத்த பெயர். தாமதமாக வந்தவளுக்கு மிச்சமிருந்தது, யாரும் மனசார உட்காராத இடமான துறைத்தலைவரின் பக்கத்து நாற்காலிதான். வந்ததிலிருந்து கொட்டாவி வேறு விட்டுக்கொண்டிருந்தாள்.

வாயாடி எழுந்து நின்றாள்.

"நான்தான் மேடம். எனக்கு எதுவும் லேட்டாதான் மண்டையில ஏறும்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேடம் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு முன்னால் வரச் சொல்லி, கணினி முன் உட்கார வைத்தார்.

அவளோ லேசில் விடவில்லை. இரண்டு சொற்களைச் சேர்த்துத் தேட மேற்கோள் குறி எதற்கு, பழைய கட்டுரைகளை விலக்க வருஷத்தை எங்கே கொடுப்பது, தப்பாக அழுத்திவிட்டால் திரும்பி வருவது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கவே கேட்டாள். சலித்துக்கொண்டவர்களில் இரண்டொருவர்கூட நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது முறை கண்கள் மூடியபோது ஒரு கைகூட விரிந்திருக்கவில்லை.

மணி அடித்தது. துறைத்தலைவர் எழுந்து முன்னால் வந்தார்.

"அடுத்த வருஷமும் இந்த நேரம் உங்களுக்குத்தான் மேடம். இன்னொரு மணி நேரம் வேணும்னாலும் கேளுங்க." போகிற போக்கில் வாயாடியிடம் நின்றார். "நல்ல கேள்வியா கேட்டேம்மா."

மேடத்துக்குக் கண் கலங்கியது. அறை காலியாகும்வரை பொறுத்திருந்து வாயாடியைக் கூப்பிட்டார்.

"உன் கை முதல் தடவையே மூடித்தானே இருந்துச்சு?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா?"

"நான் கண்ணை மூடலையே. எல்லாம் புரிஞ்சும் எதுக்கு எழுந்து நின்னே?"

"தப்புதான் மேடம், நானும் முழுசா மூடலை. முதல் தடவை சார் கையைக் கட்டிக்கிட்டுதான் இருந்தாரு. நீங்க மறைக்காம 'பாதிப் பேருக்குப் புரியலை'ன்னு சொன்னீங்கல்ல, அதுக்கப்புறம்தான், ரெண்டாவது தடவை மெதுவா கையை விரிச்சுத் தூக்கினாரு. இத்தனை பேர் முன்னாடி அவர் எப்படி மேடம் எழுந்து கேப்பாரு?"