தோண்டத் தோண்டக் கிழங்கு

ஆடியில் தொட்டியில் புதைத்த செங்காந்தள் கிழங்கை, முளைத்துவிட்டதா என்று சொர்ணா டீச்சர் வாராவாரம் களைக்கொத்தியால் தோண்டிப் பார்த்தார்.

"மறுபடியுமா அண்ணே? இப்பத்தான் ஒரு வேர் விட்டேன், அதுவும் அறுந்துபோச்சு," என்று கிழங்கு களைக்கொத்தியிடம் முனகியது.

"'என் செல்லம் முளைச்சிருச்சாஆஆ?'" என்று களைக்கொத்தி டீச்சர் குரலிலேயே இழுத்தது. "நான் என்ன தங்கச்சி பண்ண? கை அவங்களோடது."

"கார்த்திகைக்குள்ள பூக்கலைன்னா இந்த வருஷம் போச்சு. அசதியா வருது அண்ணே."

ஏழாவது வாரம், "இது செத்த கிழங்கு" என்று டீச்சர் அதைக் குப்பைக்குழியில் வீசினார். அங்கே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கிழங்கு நிம்மதியாகத் தூங்கியது.

கார்த்திகையில் குழியோர வேலியெல்லாம் சிவப்பு. வேலியில் தொங்கிய களைக்கொத்தி கூவியது: "அடியே, பூத்துட்டியே!"

"மெதுவா அண்ணே," என்றது கிழங்கு. "டீச்சர் பார்க்க வந்துடப் போறாங்க."