மதுரைக் கால்

"இந்தக் கால எடுக்கத் தேவையில்லீங்க" என்றார் டாக்டர் தெரசா.

வேடியப்பன் பெஞ்சில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஆறு வருடமாக வீங்கி, ஓட்டை ஓட்டையாகச் சீழ் வடியும் கால். காதில் விழுந்ததை அவனால் நம்ப முடியவில்லை.

"இன்னா சொன்னீங்க டாக்டரம்மா?"

"கால எடுக்க வேணாம். ஊசி, மாத்திரை போதும். ஒரு வருஷம் விடாம சாப்பிடணும், அவ்வளவுதான்."

"வெளியூர் ஆஸ்பத்திரில, இது காளான் புடிச்ச காலு, மருந்துக்குக் கேக்காது, முட்டிக்குக் கீழ எடுத்துடணும்னு சொல்லிட்டாங்களே. இன்னிக்கு வந்து படுக்கச் சொல்லி இருக்காங்க."

"சீழுல ரவை மாதிரி குருணை வருதே, அத எடுத்துப் பாத்தாங்களா?"

"கட்டு மாத்தற அம்மா தொடச்சிக் குப்பையில போட்டாங்க."

"அங்கதான் தப்பு. நான் அந்தக் குருணையில ஒண்ண நசுக்கி, சாயம் போட்டு வச்சிருக்கேன். வாங்க, நீங்களே பாருங்க."

வேடியப்பன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போய் மைக்ராஸ்கோப் மேல் குனிந்தான்.

"ஒரே இருட்டா இருக்குதுங்க."

"தெறந்த கண்ண மூடுங்க, மூடுன கண்ணத் தெறங்க."

கண்ணை மாற்றினான். ஊதா நிறத்தில் மெல்லிய நூல்கள், சிக்குப் பிடித்த தலைமுடிபோலச் சுருண்டு கிடந்தன.

"காளானா இருந்தா அந்த நூலு நாலஞ்சு மடங்கு தடியா இருக்கும். இது வேற கிருமி. ரெண்டும் கால ஒரே மாதிரிதான் கெடுக்கும், வெளிய பாத்துச் சொல்ல முடியாது. இந்தக் கிருமி மருந்துக்குக் கேக்கும். இந்த நோவுக்கு மதுரைக் கால்னு பேரு."

"நான் மதுரைக்குப் போனதே இல்லீங்களே."

"கால்ல முள்ளு குத்தி இருக்கா?"

"கல்வராயன் மலையில கடுக்கா பொறுக்கச் சொல்ல ஒரு தபா குத்துச்சி."

"அது போதும்" என்று சிரித்தார் தெரசா.

வேடியப்பனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தான், எழுந்து நின்று சிரித்தான், காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். மனைவி செவ்வந்தி மருந்துச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அது எண்பத்தேழாம் வருடம், செப்டம்பர் மாதம். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் அன்றைக்குத்தான் தொடங்கியது. மறியல் ஆரம்பிப்பதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றுதான் வேடியப்பன் மலையடிவாரத்துத் தன் ஊரிலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தான். ஊர் எல்லை தாண்டவில்லை, ரோட்டின் குறுக்கே ஒரு வாதநாராயண மரம் வெட்டிக் கிடந்தது. "இங்கயும் வெட்டிட்டாங்கப்பா" என்று கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். வேடியப்பன் அந்த மரத்தைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினான்.

பின்னால் வந்த ஊர்க்காரன் சின்னராசுவின் மாட்டு வண்டியில் வேடியப்பனும் செவ்வந்தியும் ஏறிக்கொண்டார்கள். வண்டி வயலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு சங்கராபுரம் வந்து சேர்ந்தது. அதற்குள் அங்கேயும் மறியல். மேற்கொண்டு போக வழியில்லை. "வந்ததுதான் வந்தோம், இங்க புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்களாம், கட்டாச்சும் மாத்திக்கினு போவலாம்" என்று செவ்வந்திதான் அவனை இங்கே கூட்டி வந்தாள்.

திரும்பும்போது வேடியப்பன் வண்டியில் சும்மா உட்காரவில்லை. மாடுகளிடம் பேசினான். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் காலைக் காட்டினான். பஸ் வராததால் பூக்கடையில் விற்காமல் கிடந்த மாலைகளில் பெரியதாக ஒரு சாமந்தி மாலை வாங்கிக்கொண்டான்.

மெயின் ரோட்டில் வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தின் மேல், அவன் ஊர்க்காரர் கண்ணாயிரம் தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்து மறியலுக்கு அவர்தான் தலைவர். வேடியப்பன் நொண்டிக்கொண்டே ஓடி, மாலையை அவர் கழுத்தில் போடப் போனான்.

கண்ணாயிரம் கையைப் பிடித்துக்கொண்டார். "இருடா, இருடா. போலீசு வர்ற நேரத்துல இன்னாத்துக்குடா மாலை?"

"நீ மட்டும் மரத்த வெட்டலன்னா இந்நேரம் என் கால வெட்டறதுக்கு நாள் குறிச்சிருப்பாங்க அண்ணே. மாத்திரையிலயே சரியாப் போவுமாம். மவராசன் நீ நல்லா இருக்கணும்."

"எந்த மரம்?"

"நம்ம ஊரு எல்லையில, அந்த வாதநாராயண மரம்."

கண்ணாயிரம் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"அத நாங்க வெட்டலடா. நம்ம ஊருக்கு வர்றதே ஒரு பஸ்ஸு, அத மறிச்சா எவனுக்குத் தெரியப்போவுது? அதுவுமில்லாம நாங்க இங்க வந்து குந்துனதே எட்டு மணிக்குத்தான். ஆறு மணி பஸ்ஸு போவச் சொல்ல எங்க ஆளுங்க ஒருத்தனும் படுக்கைய வுட்டு எழுந்திருக்கல."

"அப்ப யாருதான் வெட்டுனது?" என்று மாலையும் கையுமாக நின்றான் வேடியப்பன்.

வண்டியில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி, கோடாலிக் காம்பு பிடித்துக் கொப்புளம் கண்டிருந்த இரண்டு உள்ளங்கைகளையும் அவனிடம் விரித்து நீட்டினாள்.

"அந்த மாலைய இப்டிக் குடு மாமா."