பூட்டிய வீட்டின் குண்டூசி

குடியேற ஓர் இடம் தேடிய டோரீன், கிணறு, மண், விறகு, நகரத்திலிருந்து தூரம் என்று நோட்டில் மதிப்பெண் போட்டதில், மிசௌரியில் ஆற்றோரமாக இருந்த அந்த வட்டாரம்தான் முதலில் வந்தது. வெள்ளம் வந்தால் யார் வந்து மீட்பார்கள் என்பது மட்டும் பாக்கி. கணவன் வெர்னுடன், ஊர்க்காரர்களே நடத்தும் தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள்.

சுவரில் இருந்த வரைபடத்தில் வீட்டுக்கு வீடு, ஆளுக்கொரு குண்டூசி குத்தியிருந்தார்கள். இவர்கள் விலை பேசியிருந்த வீட்டிலும் ஒன்று இருந்தது.

"அது பதினொரு வருசமா பூட்டிக் கெடக்குதே?" என்றான் வெர்ன்.

"பிடுங்கிப் போட்டா மறுநாள் அங்கயே இருக்குது. நானும் விட்டுட்டேன்," என்றார் பொறுப்பாளர் ஓட்டிஸ். "ஊசிக்கு ஒரு ஆள்னு ஏத்தாம நம்ம படகு கெளம்பாதும்மா. அத எழுதிக்க."

டோரீன் அதற்குப் பத்துக்குப் பத்து போட்டாள். வீட்டை வாங்கினார்கள். ஓட்டிஸ் மேலும் இரண்டு ஊசி குத்தினார்.

ஏப்ரலில் ஆறு ஊருக்குள் வந்தது. விடிந்ததும் ஓட்டிஸ் படகோடு வந்தார். இருவரும் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கடைசிப் படியையும் மூடியது.

"கெளம்பலாமே," என்றாள் டோரீன்.

"கொஞ்சம் இரும்மா."

காலியாக இருந்த பின்பலகைப் பக்கம் படகு ஒருமுறை தாழ்ந்தது.

"மூணு," என்று சொல்லிவிட்டு ஓட்டிஸ் துடுப்பு வலித்தார்.